நாலு நாள் லீவு முடிஞ்சு வந்தா பைக் ஸ்டார்ட் ஆகலையா? அலாரத்தைக் கொஞ்சம் கவனியுங்க!

பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் பைக்கை நிறுத்துகிறோம். ஹேண்டில் லாக் போட்டாச்சு. ரிமோட்டை அமுக்கி அலாரத்தையும் ஆன் பண்ணியாச்சு. இனி கவலை இல்லை என்று ரயில் ஏறிவிடுகிறோம். ஆறாம் நாள் விடிகாலையில் வந்து இறங்கி செல்ஃபை அமுக்கினால், 'டக்... டக்... டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. வண்டியை யாரும் தொடக்கூட இல்லை. காவலுக்கு வைத்த அலாரமே பேட்டரியைக் குடித்து முடித்திருக்கிறது.

பைக்கோடு வராமல் வெளியே கடையில் அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கி மாட்டியவர்கள் பலரும் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது? அலாரத்தைக் கழற்றாமல் சமாளிக்க முடியுமா?

சாவியை எடுத்த பிறகும் கரண்ட் போகுமா?

போகும். அலாரம் சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள் நடந்துகொண்டே இருக்கும். ரிமோட்டிலிருந்து சிக்னல் வருகிறதா என்று ரிசீவர் காத்திருக்கும். வண்டியை யாராவது அசைக்கிறார்களா என்று சென்சார் கவனிக்கும். 'இங்கே அலாரம் இருக்கு' என்று காட்ட ஒரு எல்இடி மினுக்கிக்கொண்டிருக்கும். நல்ல தரமான அலாரம் இதற்கெல்லாம் சில மில்லிஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொள்ளும். மலிவான சில அலாரங்கள் 20 மில்லிஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும்.

ஜிபிஎஸ் டிராக்கர் என்றால் சாட்டிலைட் சிக்னலைக் கேட்க வேண்டும், மொபைல் நெட்வொர்க்கோடும் பேச வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்காதபோது தேடிக்கொண்டே இருக்கும். அப்போது செலவு இன்னும் கூடும்.

நம்ம பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு போதும். பேட்டரி மேல் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் 'ஏஎச்' என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். அதுதான் பேட்டரியின் கொள்ளளவு. 110 சிசி ஸ்கூட்டர்களில் இது பெரும்பாலும் 3 முதல் 5 வரை இருக்கும். 350 சிசி பைக்குகளில் 8 அளவில் இருக்கும்.

4 ஏஎச் பேட்டரி என்றால் 4,000 மில்லிஆம்பியர்-மணி. பாதிக்கும் கீழே இறங்கினால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றத் திணறும் என்பதால், அலாரத்துக்குக் கொடுக்க முடிந்தது 2,000 மட்டும்தான். அலாரம் 20 மில்லிஆம்பியர் இழுத்தால், 2,000-ஐ 20-ஆல் வகுக்க 100 மணி நேரம். அதாவது நாலு நாள் சொச்சம்! அதே அலாரம் 8 ஏஎச் பேட்டரியில் எட்டு நாள் தாங்கும். 5 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கும் அலாரம் என்றால் சின்ன பேட்டரியிலேயே 16 நாள் ஓடும்.

இது புது பேட்டரிக்கான கணக்கு. மூன்று வருடம் உழைத்த பேட்டரி முழு அளவுக்குச் சார்ஜ் பிடிக்காது. வெயிலில் நின்றால் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும் வேகமும் கூடும்.

பக்கத்தில் பஸ் போனாலும் அலறுகிறதே?

அதுவும் செலவுதான். சைரன் 1 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 30 விநாடி அலறினால், 20 மில்லிஆம்பியர் அலாரம் 25 நிமிடம் காவல் காக்கத் தேவையான கரண்ட் அதிலேயே தீர்ந்துவிடும். மெயின் ரோட்டை ஒட்டி நிறுத்துபவர்கள் சென்சாரின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைப்பது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி பத்து தடவை சும்மா கத்துகிற அலாரம், பதினோராவது தடவை நிஜமாகவே கத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார்.

தினமும் ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடாதா?

எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் வரை பத்து நிமிடம், அதிலும் பாதி நேரம் சிக்னலில் ஐடிலில் நிற்பது என்றால் சார்ஜ் குறைவாகத்தான் ஏறும். 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிய வேண்டும் என்பது விதி. அதற்கும் கரண்ட் போக வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடிக்கிறோம்.

முன்னாடியெல்லாம் உதைத்தால் ஸ்டார்ட் ஆகுமே?

கார்புரேட்டர் காலத்துப் பல பைக்குகளில் பேட்டரி செத்தாலும் கிக்கர் காப்பாற்றியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்ப், இசியு இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் கியர் பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வழியும் இல்லை.

ஸ்டார்ட் ஆகாதது மட்டும் பிரச்னை இல்லை. லெட்-ஆசிட் பேட்டரி காலியாகவே சில நாள் கிடந்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் புது பேட்டரிக்குத் தண்டம் அழ வேண்டியதுதான்.

குற்றவாளி அலாரம்தானா?

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டிய நேரம். 12-ஐ ஒட்டியிருந்தால் காலியாகப் போகிறது.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் அலாரத்தின் மேல் பழி போடாதீர்கள். ரெகுலேட்டர், வயரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டும் சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் ஓர் இரவு அலாரத்தோடும், மறு இரவு அலாரத்தின் ஃப்யூஸைக் கழற்றியும் வைத்து, காலையில் வோல்ட்டை ஒப்பிடுங்கள். துல்லியமாக எத்தனை மில்லிஆம்பியர் போகிறது என்று தெரிய வேண்டுமானால் மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லலாம். அப்படியே வயர் ஜாயின்ட்களையும் காட்டுங்கள். டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட்டில் மழைத்தண்ணீர் இறங்கினால் அங்கேயும் கரண்ட் கசியும்.

அப்போ எத்தனை நாளைக்கு என்ன செய்வது?

• இரண்டு மூன்று நாள்: பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அலாரம் ஆனிலேயே இருக்கட்டும்.

• நாலு நாள் முதல் ஒரு வாரம்: மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் அலாரத்தை ஆஃப் செய்துவிட்டு, டிஸ்க் லாக்கோ தடித்த செயினோ போடுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் சில அலாரங்கள் கொஞ்சம் கரண்ட் இழுக்கும் என்பதால் ஃப்யூஸைக் கழற்றுவது உறுதியான வழி. அலாரத்தோடு வரும் டிஸ்க் லாக்குகளில் தனி பேட்டரி இருக்கும். அவை பைக் பேட்டரியைத் தொடவே தொடாது.

• இரண்டு வாரத்துக்கு மேல்: பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் அலாரத்தில் பேக்கப் பேட்டரி இருந்தால் வயரைக் கழற்றியதும் அலற ஆரம்பிக்கும். அதை எப்படி நிறுத்துவது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரியை வீட்டுக்கு எடுத்து வந்தால் டூவீலருக்கான தானியங்கி சார்ஜரில் போடலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் போடாதீர்கள். 4 ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியருக்குள் சார்ஜ் போதும்.

கடைசியாக ஒன்று. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வண்டி திருடு போனதற்குப் பணம் கிடைக்காது. அலாரம் வாங்கக் கடைக்குப் போகும் முன், உங்கள் பாலிசியில் திருட்டுக்குக் கவரேஜ் இருக்கிறதா என்று போனிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைக்காரரிடம், "காவல்ல இருக்கும்போது எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் வேறு அலாரம் பாருங்கள்.