நின்றவருக்கு நாற்காலி வந்தது; குந்தியவருக்கு?

கோழி கூவுமுன் எழுகிறான். நெற்றியிலே விளக்கைக் கட்டுகிறான். குலசேகரத்து மலைச்சரிவிலே மரத்துக்கு மரம் குனிகிறான், நிமிர்கிறான். பால் நிறைந்த வாளியைச் சுமந்து பள்ளம் இறங்குகிறான், ரப்பர் பால்வெட்டும் தோழன். அவன் மனைவியோ அண்டி ஆபீசிலே தரையில் குந்தியிருக்கிறாள். காலையிலே மடக்கிய முழங்கால் மாலையிலேதான் நீளும். தோவாளையிலே பூக்கட்டும் தங்கை சம்மணமிட்டு அமர்கிறாள்; நாஞ்சில் நாட்டு வயலிலே நாற்று நடும் தாய், வளைத்த இடுப்பை வரப்புக்கு வந்துதான் நிமிர்த்துகிறாள்.

"மூட்டு வலிக்கிறதே" என்கிறாள் அந்தத் தாய். "வயசானா அப்படித்தான்" என்கிறார் அண்டை வீட்டுக்காரர். "தைலம் தேயும்" என்கிறார் கடைக்காரர். "தலைவிதி" என்கிறார் ஜோதிடர்.

கேட்கிறோம், தோழர்களே! தலைவிதி தலையிலே அல்லவா எழுதப்பட்டிருக்க வேண்டும்? அது ஏன் ஏழையின் முழங்காலைத் தேடி வருகிறது?

விதியல்ல, நோய். அதுவும் ஒரே நோயல்ல. மூட்டின் இடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து வருவது ஒன்று. 2019-ல் உலகத்தில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்தத் தேய்மானம் இருந்தது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள்! உடலைக் காக்கவேண்டிய காவற்படையே உடலின் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் மற்றொன்று. காலையிலே விரல்கள் விறைத்து அரைமணி நேரத்துக்கு மேல் இளகவில்லை, கைமூட்டுகள் வீங்கியிருக்கின்றன என்றால், அது தைலத்துக்கு அடங்குவதல்ல. இரத்தப் பரிசோதனை வேண்டும்; மருத்துவர் மேற்பார்வையிலே மருந்து வேண்டும். முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டு பிழைக்கும். ஆண்டுக்கணக்கிலே கடத்தினால் விரல் கோணும், கோணிய விரல் கூலிக்கு உதவாது. பெயரில்லாப் பொட்டலத்து மாத்திரை வலியை மறைக்கும். நாள்பட விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, கொசு கொண்டுவருவது. சிக்குன்குனியா! தான்சானியா நாட்டு மக்கோண்டே மக்கள் மொழியிலே, வளைந்து போவது என்று பொருள்படும் பெயர். 1964-ல் சென்னையைப் படுக்கவைத்தது. 2006-ல் மீண்டும் தமிழகத்தை முடக்கியது. காய்ச்சல் சில நாளிலே போகும். மூட்டுவலி மாதக்கணக்கிலே தங்கும். பால்வெட்டு இல்லாத மழைநாளிலே ரப்பர் மரத்துச் சிரட்டையில் தேங்கும் தண்ணீர், கொசுவுக்குத் தொட்டில். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதும் மூட்டுக்குச் செய்யும் மருத்துவமே!

அரசு ஒன்றும் செய்யவில்லையா? குறையைச் சொல்லும் நாம் நிறையையும் சொல்லத்தான் வேண்டும். 2017 ஆகஸ்டிலே மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமியம் செயற்கை முழங்காலுக்கு 54,720 ரூபாய் என உச்ச விலை விதித்தது. அதுவரை சராசரி விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலே, நடக்க முடியாதவரின் வீட்டு வாசலுக்கே உடற்பயிற்சி மருத்துவர் வந்தார். ஆசாரிப்பள்ளத்திலே அரசு மருத்துவக் கல்லூரி. கோட்டாற்றிலே அரசு ஆயுர்வேதக் கல்லூரி. கதவு இருக்கிறது, தோழர்களே! அந்தக் கதவுவரை நடந்துபோக முழங்கால் வேண்டுமே!

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. தேய்ந்தபின் மாற்றுவது சிகிச்சை. தேயாமல் காப்பதல்லவா பொதுச் சுகாதாரம்?

2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. துணிக்கடையிலே நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பெண்களுக்கு, கடைக்காரர் இருக்கை தரவேண்டும் என்றது. சிறிய சட்டம், ஆனால் சீரிய சட்டம். நின்றவருக்கு நாற்காலி வந்தது. குந்தியவருக்கு?

நெடுநேரம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலையால் முழங்காலின் உட்சவ்வு கெடுவதைத் தொழில் நோய்ப் பட்டியலிலே 2010-லேயே சேர்த்தது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. உலகம் ஒப்புக்கொண்டதை உள்ளூர் முதலாளி எப்போது ஒப்புக்கொள்வார்?

மாளிகை கேட்கவில்லை நாம். குந்தும் இடத்திலே ஒரு பெஞ்சு, அதற்கேற்ற உயரத்திலே ஒரு மேசை. மணிக்கொரு முறை எழுந்து காலை நீட்டச் சில நிமிடம். ஆண்டுக்கொரு முறை தொழிற்கூடத்திலேயே மூட்டுப் பரிசோதனை. செலவென்பார்கள். ஒரு செயற்கை முழங்காலின் விலைக்கு எத்தனை பெஞ்சு செய்யலாம் என்று கணக்குப் பார்க்கட்டும்!

பணக்காரருக்கும் மூட்டு தேய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஓய்வு உண்டு. அண்டி உடைக்கும் தாய்க்கு ஒரு நாள் ஓய்வென்றால் ஒரு நாள் உலை இல்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்திலே கூலி உயர்வுக்குப் பக்கத்திலே இந்தக் கோரிக்கையையும் எழுதுங்கள். வீட்டிலே தாயின் கையைப் பிடித்துப் பாருங்கள். வீக்கமிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குந்திய தாய் வலியின்றி எழட்டும். நாடு எழுந்தது என்று அன்றைக்குச் சொல்வோம்!