உதரத் துவாரமும் அதனைச் சூழ்ந்த தோலும்

நோயுற்ற குடற்பகுதியை நீக்கிய பின்னர், எஞ்சிய குடலின் நுனியை வயிற்றுச் சுவரினூடாக வெளிக்கொணர்ந்து, கழிவு ஒரு பையிற் சேருமாறு செய்தல் பலருயிரைக் காத்துவரும் சத்திரசிகிச்சையாகும். அதன்பின் நோயாளரை வருத்துவது பெரும்பாலும் துவாரமன்று. அதனைச் சூழ்ந்த தோலே. குடலின் உட்சவ்வு தொடுநோவை அறியாது. தோலோ சிறு கீறலையும் பொறாது.

பெருங்குடலின் கடைப்பகுதியினின்று வருவது இறுகிய மலமாதலின் அதனால் விளையுந் தீங்கு குறைவு. சிறுகுடலினின்று வருவதோ நீர்மம். சதையி சுரந்த நொதியங்கள் அதிற் செயலிழக்காதிருக்கும். உணவின் புரதத்தைச் சிதைக்க அமைந்த அவை தோலின் புரதத்தையும் அவ்வாறே சிதைக்கும். தோலின் மேற்பரப்பிற்கு இயல்பாயுள்ள சிறிய அமிலத்தன்மை ஒரு காப்பாகும். குடல்நீர் அதனையும் போக்கிவிடும். தோல் சிவந்து, எரிந்து, ஈற்றில் உரிந்து நீர் கசியும். தன்னுடலின் சாறே தன் தோலைச் சமிபாடு செய்கின்றது எனல் மிகையன்று.

இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரிற் பணியாற்றிய சத்திரவைத்தியர் பிறயன் புறூக் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இத்துன்பத்தைப் பெரிதுங் குறைத்தது. சட்டைக்கையின் விளிம்பை மடிப்பதுபோலக் குடல் நுனியை வெளிப்புறமாக மடித்து அவர் தோலுடன் தைத்தார். ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டு நிற்கும் அம்முனை, கூரைப் பீலி சுவரை நனைக்காது நீரை அப்பாற் செலுத்துவது போல, குடல்நீரைப் பையினுட் செலுத்தும். அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரில் றூபேட் ரேண்புல் என்னும் வைத்தியர், இந்தியக் காட்டு மரமொன்றின் பிசினாகிய கராயாவைத் தோற்காப்பாகக் கையாண்டார். தாமே இத்தகைய துவாரமுடையவராகிய நோர்மா கில் அம்மையார் 1958இல் அவருடன் இணைந்து, நோயாளருக்குப் பராமரிப்பைக் கற்பிப்பதை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தார்.

தோல் புண்பட்டவுடன் பையின் பசையே ஒவ்வாததெனப் பலர் கருதுவர். அத்தகைய ஒவ்வாமை உண்டெனினும் அருமையே. கசிவே வழக்கமான காரணம். சிகிச்சையின் பின் முதற் சில வாரங்களில் துவாரம் சுருங்கும். முதல்நாள் அளவிலேயே தோற்காப்புத் தட்டைத் தொடர்ந்து வெட்டுவோரின் தோல் வளையமாக வெளிப்பட்டுக் குடல்நீரில் ஊறும். ஆதலின் மீண்டும் மீண்டும் அளந்து, துவாரத்திலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டுமே அகலமாக வெட்டுதல் வேண்டும். எண்ணெய்த்தன்மையுள்ள சவர்க்காரம் ஆகாது, தட்டு ஒட்டாது. தோலில் எரிவு தோன்றின், குறித்த நாள்வரை காத்திராது உடனே தட்டைக் கழற்றிப் பார்த்தல் நன்று. சிவந்த பரப்பின் ஓரத்தே சிறு பருக்கள் சிதறித் தோன்றுமாயின் அது பூஞ்சணத் தொற்றாயிருத்தல் கூடும். அதற்கு மருந்து வேறு.