கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாலாட்டு

பத்து மாதம் தாயின் வயிற்றில் வளர வேண்டிய குழந்தை, ஏழிலோ எட்டிலோ பிறந்துவிட்டால் அதன் நிலை என்ன? 37 வாரம் நிறையுமுன் பிறப்பவற்றைக் குறைமாதக் குழந்தைகள் என்பர். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன.

இவர்களுள் மிகச் சிறியவர்களை இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கின்றனர். பெட்டி சூடு தருகிறது. குழாய் வழியே பால் செல்கிறது. ஆனால் காதுக்கு என்ன கிடைக்கிறது? ஆறாம் மாதத்திலேயே கருவிலுள்ள குழந்தைக்குச் செவிப்புலன் இயங்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே அது கேட்டவை தாயின் இதயத்துடிப்பும், இரத்த ஓட்டத்தின் ஓசையும், அவளுடைய குரலுமே. இங்கே கேட்பவையோ இயந்திரங்களின் எச்சரிக்கை மணிகள்! பிஞ்சுகளின் அறையில் 45 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் அறிவித்தது.

பெட்டிக்கு வெளியே நிற்கும் பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் டாக்டரும் நர்சும் செய்கின்றனர். பெற்ற தாய்க்கோ தன் பிள்ளையைத் தூக்கவும் தயக்கம். "நான் எதற்கு?" என்று அவள் உள்ளம் குமுறுகிறது.

இங்கேதான் இசை மருத்துவம் கைகொடுக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த இசை மருத்துவ நிபுணர் ஜோயன் லோவியும் அவருடைய குழுவினரும் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியவை மூன்று. முதலாவது, உள்ளே சிறு உலோக மணிகள் உருளும் வட்டமான பறை. அதை மெல்லச் சாய்த்தால் கருவறையின் ஓசை போன்ற ஒலி எழும். இரண்டாவது, விரலால் தட்டினால் இதயத்துடிப்பைப் போல ஒலிக்கும் மரப்பெட்டி. மூன்றாவது, பெற்றோரே தேர்ந்தெடுத்த பாட்டு. அதைத் தாலாட்டின் மெதுவான நடையில் பாடினர். ஒலிநாடா எதுவுமில்லை. குழந்தையின் மூச்சைக் கவனித்து, அதற்கு இசைய நேரிலேயே வாசித்தனர், பாடினர்.

பலன் என்ன? தாலாட்டின்போதும் மரப்பெட்டியின் தாளத்தின்போதும் குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. பெற்றோர் விரும்பிய பாட்டைக் கேட்டவை நன்றாகச் சப்பின. உட்கொண்ட உணவின் அளவும் கூடியது. வட்டப் பறையின் ஒலியால் உறக்கத்தில் மாற்றம் காணப்பட்டது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது.

ஆயினும் இசை எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று எண்ணலாகாது. பின்னர் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், இசை பெற்ற தாய்மாருக்கும் பெறாதவருக்கும் இடையே குழந்தையுடன் உள்ள பிணைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருந்தின் இடத்தை இசை பிடிப்பதில்லை. பெட்டியருகே வானொலியை வைப்பதும் இசை மருத்துவம் ஆகாது. குழந்தை விரல்களை விரித்தாலோ முகத்தைத் திருப்பினாலோ பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

அப்படியானால் இதன் சிறப்பு யாது? கையற்று நின்ற தாய்க்கும் தந்தைக்கும் அது ஒரு பணியைத் தருகிறது. நல்ல குரல் வேண்டுமென்பதில்லை. பழகிய குரலே போதும். "என்னால் இயன்றது இதுவாவது உண்டு" என்று அவர்கள் குனிந்து மெல்லப் பாடுகின்றனர்.

தோழியரே, நாளை உங்களில் சிலர் நர்சாகவோ டாக்டராகவோ ஆகலாம். அன்று பெட்டியருகே கண்கலங்கி நிற்கும் ஒரு தாயைக் கண்டால், "அம்மா, உங்கள் பிள்ளைக்கு உங்கள் குரல் தெரியும், மெல்லப் பாடுங்கள்" என்று சொல்ல மறவாதீர்கள்.