கண்ணீர் விட்டுச் சிரிக்கும் மூஞ்சி

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்றுவிட்ட சித்தப்பா காலமான செய்தி வந்தது. கீழே பெரியப்பா போட்டது: 'ஆழ்ந்த இரங்கல்', கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் எமோஜி மூணு. சித்தப்பா மகள் அதோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பெரியப்பா மேல் தப்பில்லை. அவர் பார்த்தது இரண்டு கண்ணிலும் தெறிக்கும் நீரை. விரிந்த வாயை, அந்தச் சின்ன ஸ்கிரீனில், அழுகை என்று எடுத்துக்கொண்டார். 2010-ல் யூனிகோட் 6.0-வில் சேர்ந்த இந்த மூஞ்சிக்குப் பெயரே 'ஆனந்தக் கண்ணீர் முகம்'தான். 2015-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் இதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். எழுத்தே இல்லாத சொல்!

வேடிக்கை என்னன்னா, அதே பதிப்பில் வந்த 'ஓவென்று அழும் முகம்' இளசுகள் கையில் சிரிப்பாகிவிட்டது. சிரிப்பு தாங்கலைன்னா அதைப் போடுகிறார்கள், இல்லாட்டி மண்டை ஓட்டை. மண்டை ஓடு நமக்குப் புரியாததில்லை; 'சிரிச்சே செத்தேன்' என்று நாமும்தானே சொல்கிறோம். கண்ணீர்தான் குழப்பம். அது நமக்கு இரண்டுக்கும் வருகிறது.

சித்தப்பா மகளுக்கு இதையெல்லாம் போனில் விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் சிரித்துவிட்டாள். பெரியப்பாவுக்கு இப்போ கும்பிடும் கை எமோஜி மட்டும் பழக்கி விட்டிருக்கிறேன்.