ஒரு டாக்டரின் ஆராய்ச்சியும் நம் வீட்டுப் பெண்களின் உயிரும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசுகிறோம். பிள்ளைகளின் படிப்பு, ரேஷன் கார்டு, குடிதண்ணீர் என்று எதையும் விடுவதில்லை. ஆனால் "வெள்ளைப்படுது", "நின்ன பிறகும் ரத்தம் படுது" என்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவர் காதில்தான் சொல்கிறோம். அதையும் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போதுதான் சொல்கிறோம். இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கிற விலை பெரியது. அதனால்தான் இந்த இதழில் ஒரு டாக்டரைப் பற்றியும், அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும், அதற்கும் செட்டியார்பட்டியில் இருக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றியும் எழுதுகிறோம்.

யார் இவர்?

டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். 1993-ல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். போன இடத்திலும் அவர் கேட்ட கேள்வி நம்மைப் போன்ற ஏழைபாழைகளைப் பற்றியதுதான். பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய மிஷினும் இல்லாத ஊரில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? இதுதான் அந்தக் கேள்வி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் எச்.பி.வி. என்கிற வைரஸ் கிருமியால் வருகிறது. தாம்பத்திய உறவின் மூலம் பரவும் இந்தக் கிருமி, ரொம்ப சாதாரணமானது. பலருக்கு வந்த சுவடு தெரியாமல் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாக மாறும். ஆகவே இது வந்தவரை யாரும் தப்பாகப் பேசக் கூடாது. புற்றாக மாறுவதற்கு முன்பே பார்த்துவிட்டால் எளிய சிகிச்சையில் சரியாகிவிடும்.

திண்டுக்கல்லில் நடந்தது

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், லியோன் மையம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தின. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி, 57 தொகுதிகளில் பரிசோதனை செய்வது, மற்ற 57 தொகுதிகளில் வழக்கம்போல் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள்தான் இதில் இருந்தார்கள்.

பரிசோதனை என்ன தெரியுமா? ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைத் தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பையின் வாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறு இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்தார்கள். வெள்ளை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். (வீட்டில் யாரும் வினிகரை எடுத்து முயற்சி செய்யக் கூடாது. பயிற்சி இல்லாதவர் செய்தால் புண்தான் ஆகும்.)

பரிசோதனைப் பக்கத்தில் இருந்த பெண்கள் 49,311 பேர். வந்து செய்துகொண்டவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, வெள்ளை தெரிந்தது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. "இன்னும் ஒரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டும்" என்றுதான் அர்த்தம்.

2006 வரை கணக்கெடுத்தார்கள். பரிசோதனைப் பக்கம் இந்த நோயால் இறந்தவர்கள் 83 பேர். மற்றப் பக்கம் இருந்த 30,958 பேரில் இறந்தவர்கள் 92 பேர். வயது முதலான வித்தியாசங்களைச் சரிக்கட்டிப் பார்த்ததில் பரிசோதனைப் பக்கம் சாவு 35 சதவீதமும், நோய் வருவது 25 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-ல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

இந்தக் கணக்கில் நாம் மறக்கக் கூடாத இன்னொரு எண் 17,968. கூப்பிட்டும் வராத பெண்களின் எண்ணிக்கை அது. ஆரம்பக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பேரிலும் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். வேலை இருந்திருக்கும். கூச்சம் இருந்திருக்கும். "ஒண்ணும் வலிக்கலையே" என்று நினைத்திருப்பார்கள். நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்?

ஆராய்ச்சியின் மதிப்பு எப்படித் தெரியும்?

நம் குழுவுக்கு அதிகாரிகள் வந்து பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து கிரேடிங் போடுகிறார்கள் அல்லவா? அதுபோல, ஆராய்ச்சிக் கட்டுரையை அதே துறையில் தேர்ந்த மற்ற டாக்டர்கள் படித்து, கேள்வி கேட்டு, சரி என்ற பிறகுதான் நல்ல இதழ்கள் அச்சிடும். அதன் பிறகு மற்ற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரையில் "இன்னார் இப்படிக் கண்டுபிடித்தார்" என்று எடுத்துக்காட்டுவார்கள். எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்பதை வைத்துத்தான் படித்தவர்கள் உலகம் ஒருவரின் செல்வாக்கை அளக்கிறது. ஒரு குழு செய்த நல்ல காரியத்தைப் பார்த்துப் பத்து ஊர்க் குழுக்கள் செய்கிற மாதிரிதான்.

கணக்கு நோட்டில் வாராக்கடனையும் ஒளிக்காமல் எழுதுகிற குழுவைத்தான் நம்பலாம். டாக்டர் சங்கரநாராயணன் குழுவினரும் அப்படி எழுதினார்கள். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வை 2009-ல் வெளியிட்டார்கள். எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை சோதித்த பக்கத்தில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வினிகர் சோதனைப் பக்கத்தில் அங்கே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். வசதி இருக்கும் இடத்தில் கிருமிப் பரிசோதனையே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் ஆதாரம்.

எதிர்க் கேள்வியும் எழுந்தது. "பரிசோதனை செய்யாமல் விட்ட பக்கத்துப் பெண்களுக்கு யார் பொறுப்பு?" என்று வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் கேட்டார்கள். "அன்றைக்கு அங்கே யாருக்குமே இந்தப் பரிசோதனை கிடைத்ததில்லை, எது பலன் தரும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது" என்பது ஆய்வு நடத்தியவர்கள் தரப்பு பதில். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களும் யோசியுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம். அந்த 92 பேரின் சாவும் சேர்ந்துதான் நமக்கு இந்தப் பாடத்தைத் தந்திருக்கிறது. தெரிந்த பிறகும் நாம் போகாமல் இருந்தால் அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நமக்கு என்ன கிடைத்தது?

2007-ல் தமிழக அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. நம் விருதுநகர் மாவட்டத்திலும் சிவகங்கையிலும் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கான முன்னோட்டம் நடந்தது. 2012 முதல் இவை மாநிலம் முழுவதும் வந்தன. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற பெண் தன்னார்வலர்களும் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான்.

தடுப்பூசியும் இருக்கிறது. 2009-ல் இதே டாக்டர் முன்னின்று இந்தியாவில் தொடங்கிய தடுப்பூசி ஆய்வு, 2010-ல் வேறொரு திட்டத்தால் எழுந்த சர்ச்சையில் அரசு உத்தரவால் பாதியில் நின்றது. அதனால் பல பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஊசி மட்டுமே போட முடிந்தது. அவர்களை விடாமல் பத்து வருஷம் கவனித்ததில், ஒரு ஊசியே நல்ல பாதுகாப்புத் தருவது தெரிய வந்தது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது. தமிழக அரசும் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்படும் என்று 2025-ல் பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. 30 வயது தாண்டிய ஒவ்வொரு உறுப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில நிமிஷ வேலைதான். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு வேறு பரிசோதனை தேவைப்படலாம், டாக்டர் சொல்வார்.

2. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் வயது பார்க்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

3. மறுபடி வரச் சொன்னால் கண்டிப்பாகப் போக வேண்டும். தடுப்பூசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

4. நைட்டி தைக்கிற இடத்திலும் தறியிலும் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு என்பது நமக்குத் தெரியும். அதனால் தனித்தனியாகப் போகாமல், குழுவாக ஒரு நாள் குறித்துச் சேர்ந்து போவோம். கூச்சமும் பாதியாகும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், "யார் யார் பரிசோதனை செய்தாச்சு?" என்று ஊக்குநர் கேட்கட்டும். வீட்டு விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றால், போன தேதியை மட்டும் சொன்னால் போதும். திண்டுக்கல்லில் வராமல் போன 17,968 பேரில் ஒருவராக நம் குழுவில் யாரும் இருக்க வேண்டாம் சகோதரிகளே.