குடலுக்குள் ஓடும் 9 லீற்றர்

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் அது இன்னும் கூடும், குடல் காய்ந்தால்தான் போக்கு நிற்கும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குடிக்கக் குடிக்கப் போவதைக் கண்ணால் காண்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் உள்ளே நடப்பது வேறு. அதை அறிய, உண்ட சோறு போகும் வழியே நாமும் சிறிது தூரம் போய்ப் பார்க்க வேண்டும்.

சமிபாடு வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சீனியாக மாற்ற முற்படுகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனாலேயே. விழுங்கிய கவளத்தைக் களத்தின் தசைகள் இரைப்பைக்குத் தள்ளுகின்றன. அங்கே கடும் அமிலம் கிருமிகளிற் பலவற்றைக் கொல்கிறது; புரதம் உடையத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கூழாகிவிடும் உணவு, சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடப்படுகிறது.

முக்கிய வேலை நடப்பது சிறுகுடலில்தான். ஈரலிலிருந்து வரும் பித்தம், சவர்க்காரம் எண்ணெயைப் பிரிப்பது போலக் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது. சதையியின் சாறு அமிலத்தைத் தணித்து, மாப்பொருள், புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது. ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான இக்குழாயின் உட்சுவரில் கம்பளி போல இலட்சக்கணக்கான சடைமுளைகள் உண்டு. உடைந்த உணவு அவற்றினூடாகவே இரத்தத்தைச் சேர்கிறது.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் குடிப்பதும் உணவோடு உட்கொள்வதுமாக நாளொன்றுக்குச் சுமார் 2 லீற்றர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என்று உடலே மேலும் 7 லீற்றரை ஊற்றுகிறது. மொத்தம் 9 லீற்றர், ஏறக்குறைய ஒரு வாளி! இதில் மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலீற்றருக்கும் குறைவு. மிகுதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பெரும் பங்கு சிறுகுடலுடையது, எஞ்சியது பெருங்குடலுடையது.

வயிற்றோட்டத்தில் கெடுவது இந்தத் திருப்பி எடுக்கும் வேலை. வாந்திபேதிக் கிருமி போன்றவை இன்னும் ஒருபடி மேலே போய், குடற்சுவரையே உப்பு நீரைக் கொட்டச் செய்கின்றன. ஆகவே பிள்ளையிடமிருந்து போவது குடித்த தண்ணீர் மட்டுமல்ல, இரத்தத்திலிருந்து வந்த நீரும் உப்பும். குடிப்பதை நிறுத்தினாலும் போக்கு நிற்காது, உடல்தான் வற்றும்.

நல்ல வேளையாக, ஒரு வாசல் அப்போதும் திறந்திருக்கிறது. குடற்சுவரின் கலங்களில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும் வழி ஒன்று உண்டு. அவை போனால் தண்ணீரும் பின்னே போகும். 1960இல் ரொபேர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். 1971இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையோரப் பொங்காவ் நகரில் அகதிகளிடையே வாந்திபேதி பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் போதாமற் போனது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்தார். உறவினர்களே கோப்பையால் பருக்கினார்கள். நூற்றுக்கு 20, 30 என்றிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

நம் வீடுகளில் அறிந்த ஜீவனி அந்த நீரின் வழிவந்ததே. பக்கற்றில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்தின் பின் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். ஜீவனி கைக்கெட்டாதபோது, 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண்ணீரை விட உப்புக் கரித்தால் அதைக் கொடுக்கக் கூடாது. சீனி கூடினாலும் தீங்கே. அது குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். சோடா, இனிப்புப் பானங்கள் ஆகாதது இதனாலேதான். உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது, ஏனெனில் அதன் மாப்பொருளும் குடலில் குளுக்கோசாகிறது. நம் பாட்டிமார் கஞ்சி விடயத்தில் பிழைவிடவில்லை.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்த பிள்ளைக்கு அதன் இரு மடங்கு. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். 10 முதல் 14 நாட்களுக்குச் சிங்க் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கிளினிக்கில் கேளுங்கள். கண் குழிவிழுந்து, அழுதும் கண்ணீர் வராமல், சலம் போகாமல், பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள், வழியிலும் பருக்கிக்கொண்டே. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடரலாம்.