ஒரு கைப்பிடி குறைவு

மாதிரி ரயில் என்பது குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள், அந்தப் பித்துப் பிடித்த ஓர் ஆங்கிலேயரின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துப் பார்க்க வேண்டும். மேஜையெல்லாம் அரமும் கத்தியும் பசையுமாக இருக்கும். மனிதர் மூச்சைப் பிடித்துக் கொண்டு, விரல் நீளமுள்ள நிலக்கரி வாகன் ஒன்றிலிருந்து எதையோ சுரண்டிக் கொண்டிருப்பார். கடையில் வாங்கிய நல்ல சாமானை எதற்காகக் கெடுக்கிறார் என்று நாமும் முதலில் நினைத்தோம். பிறகு நாமே ஒன்றை வாங்கிக் கெடுக்கத் தொடங்கினோம்!

கடைகளில் பாகம் பாகமாக விற்கும் இந்த வாகன்களில் பல, 1923-ஆம் ஆண்டின் திட்டப்படி அமைந்தவை. பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளுக்குள் கணக்குத் தீர்ப்பதற்காக 1842-இல் ஏற்பட்ட ரயில்வே கிளியரிங் ஹவுஸ், வாகன்களுக்கும் பொதுவான அளவுகளை வகுத்து வந்தது. 1923-ஆம் ஆண்டு வாகனின் நீளம் 16 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் மாதிரியில் அது 66 மில்லிமீட்டர். ஆனால் நமக்கு வேண்டியதோ 1910-ஆம் ஆண்டு வாகன். அப்படியானால் பின்னால் வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

எண்ணெய் அச்சுப் பெட்டிகளைச் செதுக்கிவிட்டு, மேல்மூடி உள்ள கிரீஸ் பெட்டிகளை ஒட்டினோம். தட்டுச் சக்கரங்களுக்குப் பதில் ஆரக்கால் சக்கரங்களைப் பூட்டினோம். பழைய வாகன்களில் பெரும்பாலானவை இன்னும் சற்றுக் குட்டையானவை. அந்த வெட்டுக்கு நமக்குத் துணிவு வரவில்லை.

அடுத்தது பிரேக். பெட்டியில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை அடியோடு விட்டுவிட வேண்டும். அக்காலத்து நிலக்கரி வாகன்களில் மிகப் பலவற்றுக்கு ஒரே பக்கத்தில்தான் பிரேக், மறுபக்கம் வெறுமை. அதிலென்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஷண்டிங் யார்டில் வாகன்கள் தாமாக உருண்டு வரும். கூடவே ஓடி, கைப்பிடியை அழுத்தி நிறுத்துவது அங்குள்ள ஆளின் வேலை. கைப்பிடி எதிர்ப் பக்கத்தில் இருந்துவிட்டால்? இரவிலும் மழையிலும் ஓடும் வாகன்களின் குறுக்கே புகுந்து அவன் அக்கரை சேர வேண்டும். அப்படிப் புகுந்து கையையும் காலையும் இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு. ரயில்வே ஊழியர்களின் விபத்துக்களைத் தடுக்க 1900-இல் சட்டம் பிறந்தது. ஆனால் புதிய வாகன்களில் இரு பக்கமும் பிரேக் வேண்டும் என்ற விதி 1911-இல்தான் வந்தது. பழைய வாகன்களை மாற்றவோ சொந்தக்காரர்களுக்கு நீண்ட தவணை அளிக்கப்பட்டது. சொந்தக்காரர்கள் என்றால் ரயில் கம்பெனிகள் மட்டுமல்ல. சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் லட்சக்கணக்கில் வாகன்கள் வைத்திருந்தார்கள்; செலவு என்றதும் அவர்கள் கை இறுகியது.

ஆகவே அந்தப் பிளாஸ்டிக் துண்டை எடுத்துத் தனியே வைத்தபோது, நமக்குக் கை சற்றுத் தயங்கியது.

வர்ணம் பூசுவது வேறொரு தலைவேதனை. குளஸ்டர் நகரத்து வாகன் தொழிற்சாலையார் புதிய வண்டிகளைப் படமெடுத்து வைத்த புண்ணியத்தால், பக்கப் பலகையில் முதலாளியின் பெயர் எழுதப்பட்ட விதம் இன்றும் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அக்காலத்துப் படத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு நிறம் புலப்படாது; சிவப்பும் கறுப்பும் ஒன்றாகவே விழும். நாம் சிவப்பென்று முடிவு செய்தோம். மறுக்க யாராவது வருவார்கள்.

இத்தனை நுணுக்கமும் ஓடுகிற தண்டவாளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணக்குப்படி அதன் அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வழக்கத்தில் உள்ளது 16.5. அரை மில்லிமீட்டருக்கு அரம் பிடித்தவர்கள் இதை மட்டும் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்!

வாகன் இப்போது நம் மேஜைமேல் நிற்கிறது, பிரேக் இல்லாத பக்கம் நம்மைப் பார்த்தபடி. மீந்த கைப்பிடி ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.